இன்கார்னேஷனுக்குத் தமிழ்ச் சொல்: ‘மனிதராதல்’ என்னும் பரிந்துரை

அன்புள்ள குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் சமயக் கலைச்சொற் பட்டியலில் முடிவாகாமல் நிற்கும் சொற்களுள் ‘இன்கார்னேஷன்’ முதன்மையானது. இயேசு கிறிஸ்து கடவுளாகவே இருந்துகொண்டு முழு மனிதரும் ஆனார் என்னும் கிறிஸ்தவ நம்பிக்கையைக் குறிக்கும் சொல் அது. அதற்கு ஈடாக இதுவரை மனுஷாவதாரம், மனுவுருவாதல், உடலெடுத்தல், ஊனுடலேற்பு என்னும் நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. நான்கும் பொருள் விளங்குகின்றன, ஏதேனும் ஒன்றைக் கொண்டு அடுத்த சொல்லுக்குச் செல்லலாம் என்று குடியாத்தத்து நண்பர் எழுதியிருந்தார். அவ்வாறு கடந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பட்டியலைக் கிறிஸ்தவர்கள் மட்டும் புரட்டப் போவதில்லை. வேலூர்க் கோட்டைக்குள் சலகண்டேசுவரரை வணங்கிவிட்டு வரும் சைவரும், வாணியம்பாடியிலோ மேல்விசாரத்திலோ மதரசாவில் பயின்ற இளைஞரும், எந்தக் கோயிலுக்கும் போகாதவரும் இதைப் பார்ப்பார்கள். கிறிஸ்தவர் நம்புவதை அவர்கள் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மறுக்கும்போதும் கிறிஸ்தவர் உண்மையில் சொல்வதை அறிந்து மறுக்க வழி இருக்க வேண்டும்.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் பேரவை வகுத்த நம்பிக்கை அறிக்கையின் கிரேக்க வடிவில், இந்த நிகழ்வைச் சொல்ல மூன்று வினைகள் அடுத்தடுத்து நிற்கின்றன: இறங்கி, சதையாகி, மனிதராகி. இரண்டாவது வினை சர்கோதெந்தா, மூன்றாவது எனந்த்ரோபேசந்தா. இலத்தீன் திருச்சபை இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு ‘இன்கார்னாசியோ’ என்று பெயரிட்டது. அதற்குள் இருப்பது சதை என்னும் பொருளுடைய ‘காரோ’. ஆங்கிலச் சொல் அங்கிருந்து வந்தது. ஆனால் இதே பொருள் பற்றித் தனி நூல் எழுதிய அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ் தம் கிரேக்கத் தலைப்பில் வைத்தது மூன்றாவது வினையிலிருந்து பிறந்த ‘எனந்த்ரோபேசிஸ்’ என்னும் சொல்லை. ஜெர்மானியர்களும் ‘மென்ஷ்வெர்டுங்’, அதாவது மனிதராதல், என்றே சொல்கிறார்கள். 1715இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்குவுக்கும் அவருக்குப் பின்வந்து விவிலியத்தைத் தமிழில் பெயர்த்த பப்ரிசியுசுக்கும் அது தாய்மொழிச் சொல். எனவே ஆங்கிலச் சொல்லின் வேர் சதை என்பதனால் நாமும் சதையிலிருந்தே தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம்மிடம் வந்துள்ள நான்கு சொற்களையும் இந்த மூன்று வினைகளோடு ஒட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றும் எதைப் பிடித்திருக்கிறது, எதை விட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அவதாரம் முதல் வினையைப் பிடிக்கிறது. இறங்கி வருதல் என்பதே அதன் வேர்ப்பொருள். நம் கீர்த்தனைகளிலும் கிறிஸ்துமஸ் பிரசங்கங்களிலும் ‘அவதரித்தார்’ என்பது ஊறிப்போன சொல். அதை வழிபாட்டிலிருந்து எடுக்கச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை, எடுக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. சென்னையின் வழக்கறிஞரும் தொழிற்சங்கத் தலைவருமான வெங்கல் சக்கரை இயேசுவை அவதாரம் என்றே அழைத்தார். அந்த அவதாரம் ஒரு காலத்தில் வந்து முடிந்துபோனதன்று, தூய ஆவியின் வழியாக இன்றும் தொடர்வது என்று விளக்கவும் செய்தார். அப்படி ஒரு விளக்கத்தைச் சேர்க்க வேண்டியிருந்தது என்பதையே கலைச்சொல் காண்போர் கவனிக்க வேண்டும். நம் வட்டாரத்தில் அவதாரம் என்றதும் மனம் போகும் இடம் சோளிங்கர் மலை. அங்கே அமர்ந்திருக்கும் நரசிம்மர் ஓர் அடியாருக்காக, ஒரு நெருக்கடியில், தூணிலிருந்து வெளிப்பட்டவர். அவதாரங்கள் பல, யுகந்தோறும் நிகழ்பவை, வைணவ ஆசாரியர்கள் அவதாரத் திருமேனி பிரகிருதியால், அதாவது இவ்வுலகின் சடப்பொருளால், ஆனதன்று, அப்பிராகிருதமானது என்று தெளிவாகப் போதித்திருக்கிறார்கள். கிறிஸ்தவ நம்பிக்கை இந்த மூன்றிலும் வேறு பக்கம் நிற்கிறது. ஒரே ஒருமுறை நிகழ்ந்தது என்கிறது. மரியாவிடமிருந்து பெற்ற உடல் நம் உடலைப் போலவே பசித்து, களைத்து, குருதி சிந்தி இறந்த உடல் என்கிறது. உயிர்த்தெழுந்து விண்ணேறிய பின்னும் அந்த மனிதத் தன்மை களையப்படவில்லை, என்றென்றும் அவருடையதாகவே இருக்கிறது என்கிறது. இவ்வளவு வேறுபாட்டை ஒரே சொல்லுக்குள் அடைத்தால் இரு தரப்புக்கும் அநீதி செய்தவர்களாவோம்.

மனுவுருவாதல் கத்தோலிக்கச் செபங்களில் பழகிய சொல், காதுக்கும் இனியது. அதில் எனக்கு இரண்டு தடைகள். ‘மனு’ என்றால் இன்று இங்கே பலருக்கும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுதான் நினைவுக்கு வரும். அது சிறிய தடை. சாதி அடுக்கை வகுத்த தரும சாத்திரத்தின் பெயராகவும் அது ஒலிக்கிறது என்பது பெரிய தடை. வட ஆற்காட்டுச் சபைகளில் பெரும்பாலோர் அந்த அடுக்கால் மிதிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். மனுஷன் என்பதிலிருந்து வந்த ‘மனு’ வேறு என்று நாம் விளக்கலாம். கலைச்சொல் ஒவ்வொரு முறையும் அந்த விளக்கத்தைக் கூடவே சுமந்து செல்ல முடியாது.

இவற்றைவிட ‘உரு’ என்பதே எனக்குக் கவலை தருகிறது. உருவெடுத்தல், வடிவெடுத்தல், கோலம் கொள்ளுதல், திருமேனி தாங்குதல் ஆகிய எல்லாம் தமிழில் செழித்த சொற்கள். சிலப்பதிகாரம் சிவனைப் ‘பிறவா யாக்கைப் பெரியோன்’ என்கிறது. தாய் வயிற்றில் பிறக்காமல், அருளால் வேண்டிய உருவை மேற்கொண்டு, குருவாக வந்து ஆட்கொண்டு மறைவது சைவ மரபில் இறைவனின் இயல்பு. இந்த மரபில் வளர்ந்த ஒருவரிடம் ‘கடவுள் மனித உருவில் வந்தார்’ என்றால், ‘ஆம், எங்கள் இறைவனும் வருவார்’ என்று அவர் இசைவோடு தலையசைப்பார். அவருக்குப் புதிதாக எதுவும் சொல்லப்பட்டிராது. உண்மையில் கிறிஸ்தவர் சொல்வது அவரைத் திடுக்கிட வைக்கக்கூடியது: இறைவன் பிறந்தார், தச்சன் வீட்டில் வளர்ந்தார், இறந்தார். இயேசுவின் உடல் வெறுந்தோற்றம் என்ற கருத்து முதல் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுந்துவிட்டது. இயேசு கிறிஸ்து மாம்சத்தில் வந்ததை அறிக்கையிடாத ஆவி கடவுளிடமிருந்து வந்ததன்று என்று யோவானின் முதல் மடல் எழுதப்பட வேண்டியிருந்தது. ‘உரு’ அந்தப் பழைய மயக்கத்துக்குத் தமிழில் கதவைத் திறந்து வைக்கிறது.

உடலெடுத்தலும் ஊனுடலேற்பும் இரண்டாவது வினையைப் பிடிக்கின்றன. கத்தோலிக்க நம்பிக்கை அறிக்கையில் ‘உடல் எடுத்து மனிதர் ஆனார்’ என்று வருவதை நண்பர்கள் அறிவார்கள். வேலூர் விண்ணேற்பு அன்னை பேராலயத்திலும் சேத்துப்பட்டு லூர்து அன்னை ஆலயத்திலும், உலகெங்கும் போலவே, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வரி வரும்போது எல்லோரும் தலை வணங்குவார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவிலும் மார்ச் 25ஆம் நாள் மங்கள வார்த்தை விழாவிலும் முழங்காலிடுவார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண்கள்கூட ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றி முழங்காலிடுவதைக் காணலாம். ஆனால் அந்த வணக்கம் ‘உடல் எடுத்து’ என்பதோடு நிற்கவில்லை, ‘மனிதர் ஆனார்’ என்பது வரை நீள்கிறது. அதற்குக் காரணம் உண்டு. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவின் ஆயர் அப்பொல்லினாரிஸ், இயேசுவுக்கு மனித உடல் இருந்தது, மனித அறிவுக்குரிய இடத்தில் மட்டும் இறைவாக்கே, அதாவது இறைமகனே, இருந்தது என்று போதித்தார். 381இல் கொன்ஸ்தாந்தினோப்பிள் பேரவை அதை மறுத்தது. ‘ஏற்கப்படாதது குணமாக்கப்படவில்லை’ என்பது நாசியான்சு கிரகோரியார் அப்போது கொடுத்த விடை. அறிவில் தடுமாறுகிற, மனத்தில் அஞ்சுகிற மனிதரைக் காப்பாற்ற வந்தவர் அறிவையும் மனத்தையும் ஏற்காமல் உடலை மட்டும் ஏற்றிருந்தால், நோய் இருக்கும் இடத்தை மருந்து தொடவே இல்லை. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு கலங்கினார் என்று நற்செய்திகள் சொல்வது உடலின் நடுக்கம் மட்டுமல்ல. ‘உடலெடுத்தல்’ என்ற சொல்லோ அப்பொல்லினாரிஸ் மனமுவந்து ஏற்றுக்கொள்ளக்கூடிய சொல்.

மாம்சம், ஊன் பற்றி ஓரிரு வரிகள் போதும். ‘அந்த வார்த்தை மாம்சமாகி’ என்னும் பழைய மொழிபெயர்ப்பை நான் மனப்பாடமாகக் கேட்டு வளர்ந்தவன். ஆனால் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தும் என் அண்ணி, ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளுக்கு மாம்சம் என்றால் கடையில் வாங்கும் கறி அன்று என்று சொல்லித்தான் அந்த வசனத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஊன் என்பதை எடுத்தால், திருமூலர் ‘ஊனுடம்பு ஆலயம்’ என்று உயர்த்திய சொல்தான் அது. எனினும் 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பவுலின் மடல்களில் பாவத்துக்கு இழுக்கும் இயல்பை ‘ஊனியல்பு’ என்று பெயர்த்துவிட்டது. இரண்டும் அருகருகே நின்றால் குழப்பமே மிஞ்சும்.

எஞ்சியிருப்பது மூன்றாவது வினை. அதே திருவிவிலியம் யோவான் 1:14ஐ ‘வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்’ என்று தருகிறது. இதிலிருந்து மனிதராதல் என்னும் சொல்லை நான் பரிந்துரைக்கிறேன்.

‘ஆதல்’ என்றால் முந்தியது அழிந்து வேறொன்றாக மாறுவதுதானே, அப்படியானால் கடவுள் கடவுளாக இல்லாமல் போனாரா என்னும் கேள்வி உடனே எழும். 451இல் கால்செதோன் பேரவை இதற்கென்றே நான்கு வேலிகளை இட்டது: இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் கலவாமல், மாறாமல், பிரியாமல், விலகாமல் ஒரே ஆளில் இருக்கின்றன. முதல் இரண்டும் ஒரு பக்கத்துக்கு வேலி; பின்னிரண்டும் மறுபக்கத்துக்கு. ‘ஏற்பு’ என்று முடியும் சொற்கள் பின்னிரண்டில் இடறும். ஏற்றவர் ஒருவர், ஏற்கப்பட்டது வேறொன்று என்று இரண்டாகவே நின்றுவிடும். ‘ஆதல்’ முதல் இரண்டில் இடறுமா என்று பார்த்தால், தமிழ் இலக்கணமே நமக்குத் துணை நிற்கிறது. பால் தயிரானது என்றால் பால் இல்லை. அகலிகை கல்லானாள் என்றால் அங்கே பெண் இல்லை. ஆனால் அவள் தாயானாள் என்றால், முன்பு இருந்த அதே பெண் ஒன்றையும் இழக்காமல் தாயாகவும் இருக்கிறாள். அவர் தலைவரானார் என்பதும் அப்படியே. ஆகும் பொருள் அஃறிணையாக இருந்தால் மாற்றமும், உயர்திணையாக இருந்தால் பெரும்பாலும் சேர்தலும் தமிழர் காதில் விழுகின்றன. ‘மாம்சமாகி’ என்பதைவிட ‘மனிதர் ஆனார்’ கால்செதோனுக்கு நெருங்கி வருவது இதனால்தான். கால்செதோனை ஏற்காத மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினருக்கும் இந்தச் சொல்லில் இடறல் இராது. மனிதரான வாக்கின் ஒரே இயல்பு என்று அவர்களும் சொல்லிக்கொள்ளலாம்.

அதே வரியில் இன்னொன்றும் உண்டு. ‘வாக்கு’ அஃறிணைச் சொல். ‘ஆனார்’ உயர்திணை முற்று. இலக்கணம் அறியாமல் அப்படி எழுதவில்லை. வாக்கு என்பது ஓர் ஒலியோ கருத்தோ அன்று, ஓர் ஆள் என்பதை அந்த ஒரே முற்று சொல்லிவிடுகிறது. பழைய மொழிபெயர்ப்பும் ‘வார்த்தை … வாசம்பண்ணினார்’ என்று இதையே செய்தது. இரண்டு மரபுகளும் ஒரே இடத்தில் இலக்கணத்தை வளைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மிகுந்த மதிப்பு உண்டாகிறது.

கருத்துகளை எதிர்நோக்குகிறேன்.
சத்துவாச்சாரி, வேலூர்

—

ஐயா, வணக்கம். சோளிங்கரிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் ஊரை நினைவுகூர்ந்ததற்கு நன்றி. தூணில் தோன்றிய நரசிம்மரோடு இராமனையும் கண்ணனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்கள் தாய் வயிற்றில் பிறந்தவர்கள். எங்கள் ஆசாரியர்கள் திருமேனி அப்பிராகிருதம் என்றதோடு, அவதாரம் மெய், மாயத்தோற்றம் அன்று என்றும் அறுதியிட்டிருக்கிறார்கள். எட்டாத இறைவன் எளியவர்க்கு எளியவனாய் வரும் சௌலப்பியமே அதன் உயிர். பட்டியலின் விளக்கக் குறிப்பில் அவதாரத்தை வெறும் வேடம் போலக் காட்டிவிடாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன்; அதனால் அவதாரம் என்ற எங்கள் சொல்லும் தன் பொருளில் தெளிவாக நிற்கும்.

மனிதராதல் என்பதில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. பள்ளி அறிவியல் பாடத்தில் மனிதர் ஆன வரலாறு ஒன்று உண்டு. மேடைகளில் ‘முதலில் மனிதர் ஆவோம்’ என்கிறார்கள். தனியாக நிற்கும்போது இந்தச் சொல் யாரைப் பற்றியது என்று தெரியவில்லையே?

—

அனைவருக்கும் வணக்கம். ஆரணியிலிருந்து ஒரு சிறு ஐயம். கலைச்சொல்லில் மரியாதைப் பன்மை எதற்கு? ‘மனிதனாதல்’ என்று இருந்தால் சுருக்கமாக இருக்காதா? வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் நான் விடை சொல்ல வேண்டும்.

—

ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் நன்றி.

சோளிங்கர் ஐயா சொன்னபடி, விளக்கக் குறிப்பில் ‘வைணவத்தில் அவதாரம் மெய்யானது, திருமேனி அப்பிராகிருதம்’ என்ற வரியை அப்படியே சேர்க்க வேண்டும். வேறுபாடு மெய், பொய் என்பதில் இல்லை. எத்தகைய உடல், எத்தனை முறை, எவ்வளவு காலம் என்பதில் இருக்கிறது. எளியவரை நாடி இறங்கி வருதல் என்னும் இடத்தில் இரு சமயத்தாரும் நெடுந்தூரம் சேர்ந்தே நடக்கலாம் என்று நான் உளமார நம்புகிறேன். எங்கே பிரிகிறோம் என்பதைச் சொற்கள் தெளிவாகக் காட்டினால் அந்த நடை இன்னும் எளிதாகும்.

சொல் தனியாக நிற்கும்போது பொருள் மயங்குகிறது என்பது சரியான தடை. முன்னே ஓர் எழுவாய் சேர்த்தால் அது நீங்கும். ‘இறை’ என்று சேர்க்கலாமா என்று எண்ணிப் பார்த்தேன். அது ‘இறைமனிதர்’ என்று ஒட்டிக்கொண்டு வேறு பொருள் தரும். அதோடு, தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவருள் மனிதரானவர் மகனே என்பதும் அதில் மறைந்துவிடும். ‘வாக்கு’ யோவானுக்கு நேரானது. ஆனால் கோயில் வழக்கு அறியாதவருக்கு அது தேர்தல் வாக்காகவோ குறி சொல்பவரின் அருள்வாக்காகவோ படும். ஆகவே தலைச்சொல்லாக ‘இறைமகன் மனிதராதல்’ என்று வைத்து, ஒரு கட்டுரைக்குள் இரண்டாம் முறை வரும்போது ‘மனிதராதல்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். சீர்திருத்தச் சபையார் விரும்பினால் ‘தேவகுமாரன் மனிதராதல்’ என்றும் எழுதலாம். பின்பகுதி மாறாமல் இருந்தால் போதும்.

அம்மாவின் ஐயத்துக்கு: கிரேக்கத்தில் ஆண்மகனைக் குறிக்க ‘அனேர்’ என்றும், ஆண் பெண் இருபாலாரையும் உள்ளடக்கிய மனிதப் பிறவியைக் குறிக்க ‘அந்த்ரோபோஸ்’ என்றும் தனிச் சொற்கள் உண்டு. நம்பிக்கை அறிக்கையில் இருப்பது இரண்டாவது. இயேசு ஆணாகப் பிறந்தவர்தான். ஆனால் அவர் ஏற்றது மனித இனம் முழுவதற்கும் பொதுவான இயல்பு என்பதே கோட்பாடு. ‘மனிதன்’ என்றால் ஆண்பால் முன்னே வந்து நிற்கும். ‘மனிதர்’ என்பதிலுள்ள பலர்பால் விகுதி மரியாதையையும் தருகிறது, இருபாலுக்கும் பொதுவாகவும் நிற்கிறது. கிரேக்கம் தனிச் சொல்லால் சொன்னதை நமக்கு ஒரு விகுதி சொல்லித் தருகிறது என்று பிள்ளைகளிடம் சொல்லலாம்.

புணர்ச்சியும் பெயரடையும் தடையின்றி வருகின்றன: மனிதராதல் கோட்பாடு, மனிதரான இறைமகன், மனிதராதலுக்கு முன், மனிதராதலை மறுப்போர். மறுப்பு இல்லையெனில் பட்டியலில் பின்வருமாறு இடுகிறேன்.

இறைமகன் மனிதராதல் (சுருக்கம்: மனிதராதல்): கடவுளின் மகன் தம் இறைத்தன்மையை இழக்காமல், உடலும் மனமும் அறிவும் உள்ள முழு மனிதராக மரியாவிடம் பிறந்தார் என்னும் கிறிஸ்தவக் கோட்பாடு. வழிபாட்டு வழக்கு: மனுவுருவாதல், மனுஷாவதாரம், மாம்சமாதல். ஒப்பு நோக்குக: அவதாரம்.

அடுத்து எடுக்க வேண்டியது, பிலிப்பியர் மடலில் ‘தம்மைத்தாமே வெறுமையாக்கி’ என்று வரும் ‘கெனோசிஸ்’. அதற்கு ஆரணி அம்மா ஒரு முதல் வரைவு தந்தால் அதிலிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
சத்துவாச்சாரி, வேலூர்